புதுப்பிப்பு: ஐயாவைக் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பாரிசவாதம் வந்து மூன்று மாதமான எங்கள் ஐயாவைக் கொழும்பில் வைத்து, பட்டியில் தாங்கிப் பிடித்து ட்ரெட்மில்லில் நடக்கவிடும் பயிற்சி கொடுக்கலாமா, அதற்காகப் பின்வளவை ஈடு வைக்கலாமா என்று. "யோசிக்காமல் வையுங்கோ" என்றவர்கள்தான் கூட.

வைக்கவில்லை. கிளிநொச்சியில் ஐயாவைப் பார்க்கும் பிசியோத் தங்கச்சி, 2011இல் அமெரிக்காவில் வெளியான லீப்ஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னா. மொத்தம் 408 பேர். சிலருக்கு அதே ட்ரெட்மில்; சிலருக்கு பிசியோ வீட்டுக்கே போய் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி. ஓராண்டு முடிவில் 52 சதவீதத்தினரின் நடை முன்னேறியிருந்தது, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கையை அசைத்துப் பயிற்சி கொடுக்கும் ரோபோ இயந்திரமும் அப்படித்தான்: 2019இல் வந்த, 770 பேர் பங்கெடுத்த பிரித்தானிய ஆய்வில் வழமையான சிகிச்சையை அது கையின் செயற்பாட்டில் மிஞ்சவில்லை.

சரி, அப்போ வீட்டிலேயே சும்மா இருக்கலாமா? அதுதான் இல்லை. அந்த வீட்டுப் பயிற்சி என்பது 90 நிமிடப்படி 36 தரம், பிசியோ பக்கத்தில் நின்று செய்வித்தது. எங்களுக்குக் கிடைப்பது கிழமைக்கு ஒருநாள். மிச்ச நாளுக்கு நானும் தம்பியும்தான்: கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், விறாந்தையில் தூணுக்குத் தூண் நடை. ஐயாவின் ஏச்சு வேறு.

நேற்றுப் பொல்லோடு கிணற்றடி வரை போனார். கை இன்னும் பொத்த வருகுதில்லை.