சேமித்த லிங்க் திறக்கவில்லை, ஸ்கிரீன்ஷாட்டில் மருந்தின் பெயரே இல்லை

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
வணக்கம். நாலு ஏக்கர் மா, பாதிக்கு மேல் பெங்களூரா ரகம். ராத்திரி போனில் மா பற்றி எதைப் படித்தாலும் சேர்த்து வைப்பேன். சிலது குரோம் புக்மார்க், சிலது எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப், மிச்சமெல்லாம் ஸ்கிரீன்ஷாட். இப்போது பூங்கொத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது. போன வருடம் இதற்காகவே எடுத்த படம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் கேஸ் ரசீதுக்கும் நடுவே கிடந்தது. "லிட்டருக்கு 2" என்பதோடு முடிகிறது. கிராமா, மில்லியா, எந்த மருந்து? அழகாக இருக்கட்டும் என்று நானே வெட்டியிருக்கிறேன். புக்மார்க்கைத் தொட்டால் பக்கம் இல்லை என்கிறது. என்ன வழி?

பாரூர் ஏரிக்கரை:
அண்ணா, அந்தப் பழைய முகவரியை காப்பி செய்து வேபேக் மெஷின் என்ற தளத்தில் ஒட்டிப் பாருங்கள். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வருகிறது. எல்லாப் பக்கமும் இருக்காது. இருந்தால் காலண்டரில் தேதி மேல் வட்டம் தெரியும், அதைத் தொடுங்கள்.

பாலக்கோடு டீச்சர்:
இனிமேலாவது லிங்க்கை மட்டும் நம்பாதீர்கள். குரோமில் மூன்று புள்ளி, ஷேர், பிரின்ட், அங்கே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். முழுப் பக்கமும் உங்கள் போனுக்கே வந்துவிடும். பெயர் வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. "2026-01-18 மா பூ வெள்ளைப்பொடி" என்று தேதியை முன்னால் போட்டால் வரிசை தானாக அமையும். நோயின் பெயரைவிட, தேடும்போது உங்கள் வாயில் வரும் சொல்லை வையுங்கள். ஃபோல்டர் ஒன்றிரண்டு போதும். நான் ஒரு காலத்தில் பதினேழு வைத்திருந்தேன், எதை எங்கே போட்டேன் என்று தேட பதினெட்டாவது வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் இருந்தால், படித்ததைச் சேமித்து வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். பக்கத்தின் நகலோடு, எந்தத் தளம், எந்த நாளில் எடுத்தது என்பதும் பதிவாகும். பாக்கெட் என்ற சேமிப்புச் செயலி 2025 ஜூலையில் மூடப்பட்டதே, அதனால் எதில் வைத்தாலும் கையில் ஒரு நகல் இருக்கட்டும்.

மத்தூர் பெரியவர்:
தம்பி, வெள்ளைப் பொடி என்றால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்பது வழக்கம், பத்து லிட்டர் டேங்குக்கு 20 கிராம். அதற்காக அரைகுறைப் படத்தைப் பார்த்துக் கலக்காதே. பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைப் படி. உச்சி வெயிலில் அடிக்காதே, பூ கருகும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
கிடைத்துவிட்டது! வேபேக்கில் ஒரே ஒரு நகல் இருந்தது. பெரியவர் சொன்ன கந்தகமேதான், கிராம்தான். நான் மில்லி என்று நினைத்து வேறு பாட்டிலை எடுத்து வைத்திருந்தேன். டீச்சர் சொன்னபடி பிடிஎஃப் எடுத்துப் பெயரும் வைத்தாயிற்று. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, அதை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்கிறேன்.