புதிதாக வந்த டீச்சர் வகுப்பில் நான் போய் உட்காரலாமா?

கேள்வி – ஈராசிரியர் பள்ளி
எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரும் நான்தான், 4, 5 வகுப்பும் என்னிடம்தான். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு எல்லாம் தாண்டி ஜூனில் ஓர் இளம் டீச்சர் சேர்ந்தார். 1 முதல் 3 வரை அவர் பொறுப்பு. 2022-ல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று பிரித்த மூன்று குழுவும் ஒரே அறையில்தான். அரும்புக்கு எழுத்து அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மலர் வேலையை முடித்து ஜன்னலில் ஏறி நிற்கும். உதவலாமே என்று போன வாரம் ஒரு நோட்டோடு பின்னால் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், குரல் கம்மிவிட்டது. பலகையில் மரத்தை 'மறம்' என்று எழுதிவிட்டார். ஒரு பையன் எழுந்து "டீச்சர், அது சின்ன ர" என்றான். மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை. நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேறு எப்படி வழிகாட்டுவது?

பதில் – இரண்டாம் வருடம்
நோட்டைக் கையில் எடுத்ததுதான் தப்பு சார். ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் எங்கள் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் மார்க் போட வந்தவர்கள். அந்தப் பயம் சீக்கிரம் போகாது. அதுவும் நீங்கள் ஹெச்.எம். பேசாமல் அவர் வகுப்பை அரைமணி நேரம் நீங்கள் எடுங்கள், அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். உங்களிடமும் பிள்ளைகள் கத்துவார்கள்தானே, அதைப் பார்த்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

பதில் – கணக்கு டீச்சர்
அதற்காக அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். என் முதல் வருடம் முழுக்க ஒருவரும் என் வகுப்புக்குள் வரவில்லை, நானும் சுதந்திரம் என்று சந்தோஷப்பட்டேன். அரையாண்டுத் தேர்வில் 302-லிருந்து 145-ஐக் கழிக்கச் சொன்னால் பாதி வகுப்பு 167 என்று எழுதியிருந்தது. நடுவில் பூஜ்யம் இருந்தால் கடன் வாங்குவதை நான்தான் அவசரமாக ஓட்டியிருக்கிறேன். யாராவது ஒரு நாள் பார்த்திருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள், அதை மட்டும் பாருங்கள்.

பதில் – ஓய்வுபெற்றவர்
நான் சேர்ந்த புதிதில் பலகையில் என் எழுத்து வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் பெரிய சார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பலகை முழுக்க மெல்லிசாக பென்சில் கோடு. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்
திங்கட்கிழமை நோட்டில்லாமல் போய் அவர் வகுப்பில் கதை சொன்னேன். அரும்பில் ஒருத்தி என் மடியிலேயே தூங்கிவிட்டாள், மலர் கடைசி வரை அடங்கவில்லை. என் 4, 5-க்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டுப் போனேன், பாதிப் பேர் எழுதவில்லை, அது தனிக் கதை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு அவரே வந்து, "சார், ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்குப் போகும்போதுதான் கை நழுவுகிறது, அந்த நேரம் மட்டும் வந்து நிற்கிறீர்களா?" என்றார். நாளைக்குப் போகிறேன்.