ரெசிடென்சி முடியப் போகுதா? மண் வேலைக்காரர்கள் கடைசி வாரங்களில் கவனிக்க வேண்டியவை

ரெசிடென்சின்னா வேற ஒரு ஸ்டூடியோவில் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்யுறது. அங்கிருந்து கிளம்புற தேதியிலிருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. பேக்கிங்குக்கு 2 நாள், ஏதாவது கெட்டுப்போனா மறுபடி சுட 3 நாள், கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) சூளை எரிந்து ஆற 2, கிளேஸ் போட 2, பிஸ்க் சூளைக்கு (கிளேஸ் போடுமுன் சுடுற முதல் சூளை) 2, 6 மி.மீ. சுவர் உள்ள பாத்திரம் காய 7. மொத்தம் 18 நாள். அதுக்கு முன்னாடியே புது மண்ணில் கை வைக்கிறதை நிறுத்திடணும். மண் கைக்குப் பழகி வர்ற நேரத்துல நிறுத்துறது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனா வேற வழியில்ல. 2 செ.மீ. தாண்டின தடிமனான சிற்பம்னா காயவே 3, 4 வாரம் வேணும். அதை முதல் மாசத்திலேயே முடிச்சிடுங்க.

*

காயாததை அவசரத்துல சூளையில ஏத்துறதுதான் கடைசி வாரத்துல நடக்குற பெரிய நஷ்டம். வெளியே வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பாத்திரத்தோட அடியைக் கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா தண்ணி இன்னும் ஆவியாகிட்டிருக்குன்னு அர்த்தம். 100 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் தண்ணி நீராவியாகி, போக வழியில்லாம சுவரைப் பிளந்துடும். பக்கத்துல இருக்குற அடுத்தவங்க வேலையும் சேர்ந்து போகும். சந்தேகமா இருந்தா ராத்திரி முழுக்க 80–90 டிகிரியில வச்சு, மூடியை இரண்டு விரல் அளவு திறந்து விடுங்க. காற்றுக்குமிழிதான் வெடிக்க வைக்குதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. வெடிக்க வைக்கிறது ஈரம்தான்.

*

சூளையைத் திறக்கும் விஷயத்திலும் அதே பொறுமை வேண்டும். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் (சிலிகாப் படிகம்) 573 டிகிரியில் வடிவம் மாறும். ஆறும்போது அது சட்டென்று சுருங்குவதால், அந்த இடத்தை மெதுவாகக் கடந்தால்தான் பாத்திரம் தாங்கும். அதிகச் சூட்டில் சுட்ட சில மண்களில் கிறிஸ்டோபலைட் (சிலிகாவின் இன்னொரு வடிவம்) உருவாகியிருக்கும். அதன் சுருக்கம் 226 டிகிரியை ஒட்டி வரும். ஆகவே 200க்குக் கீழே இறங்காமல் மூடியைத் தூக்காதீர்கள், 100க்குக் கீழே வந்தபின் வெளியே எடுங்கள்.

எடுத்து வைத்த பாத்திரம் டிங், டிங் என்று சத்தம் போட்டால் காது கொடுத்துக் கேளுங்கள். கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி மயிரிழை விரிசல் விடுகிறது. கலவையில் சிலிகாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சோதிப்பதுதான் இதற்கு வழக்கமான மருந்து.

*

பாத்திரங்களைவிட முக்கியமா கொண்டு போக வேண்டியது குறிப்பு நோட்டுதான். அந்த ஸ்டூடியோவில் அருமையா வந்த கிளேஸ் வேற சூளையில் வேற மாதிரி வரும். அதனால இவ்வளவும் எழுதிக்கோங்க:

கலவையைக் காய்ந்த பொடி எடையில், மொத்தம் 100 வர்ற மாதிரி. ஃபெல்ட்ஸ்பார்னு (கிளேஸை உருக வைக்கும் கனிமப் பொடி) மட்டும் எழுதினா பிரயோஜனம் இல்லை. பொட்டாஷா, சோடாவா, பையில் என்ன பெயர் இருக்குன்னு வேணும். ஃபிரிட்னா (உருக்கிப் பொடிச்ச கண்ணாடி) அதன் எண். கிளேஸ் எவ்வளவு கெட்டி என்பதற்கு 100 மி.லி. அளந்து எடை போடுங்க. முக்கி எடுக்கும் கிளேஸ் பொதுவா 140–150 கிராம் இருக்கும். எத்தனை விநாடி முக்கினீங்கன்னும் சேர்த்து எழுதுங்க, பாதி வித்தியாசம் அங்கேதான் வருது.

சூளை காட்டும் டிகிரியை மட்டும் நம்பாதீங்க. கோன் என்பது சூளைக்குள் வைக்கும், சூட்டில் சாயும் சிறு கூம்பு. கோன் 6 என்பது 1,220 டிகிரிக்குப் பக்கம்தான், ஆனா கோன் சாய்வது சூட்டையும் நேரத்தையும் சேர்த்துப் பொறுத்தது. மேல் தட்டு, நடு, அடி மூணு இடத்திலும் வச்ச கோன்களைத் தேதி எழுதி எடுத்துட்டுப் போங்க.

சுருக்கத்துக்கு ஈர மண் பட்டையில் 100 மி.மீ. கோடு போட்டுச் சுடுங்க. 88 வந்தா 12 சதவீதம். சுட்டபின் 10 செ.மீ. வேணும்னா ஈரத்தில் 11.4 செ.மீ. செய்யணும்.

*

மேலே சொன்னதோடு ஒண்ணு: கிளேஸ் சோதிக்கும் மண் சில்லின் பின்னால் மார்க்கரில் எழுதாதீங்க, சூளையில் எரிஞ்சு போயிடும். இரும்பு ஆக்ஸைடைத் தண்ணியில் கரைச்சுத் தூரிகையால் எழுதினா நிக்கும். சில்லை ‘ட’ வடிவில் வளைச்சு நிமிர்த்தி வச்சுச் சுட்டா கிளேஸ் எவ்வளவு வழியுதுன்னும் தெரியும்.

*

அடுத்து வருபவருக்காகச் சூளைத் தட்டுகளைச் சரி செய்து வைத்துவிட்டுப் போங்கள். வழிந்த கிளேஸைக் கார்போரண்டம் என்ற சாணைக் கல்லால் தேய்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி, கையுறை மூன்றும் வேண்டும். பிறகு கயோலினும் (வெள்ளைக் களிமண்) அலுமினா ஹைட்ரேட்டும் சரிபாதி கலந்து, பால் பதத்தில் இரண்டு மெல்லிய பூச்சு. தரையை ஈரத் துணியால் மட்டும் துடைக்கவும். வறண்ட துடைப்பம் சிலிகாத் தூசியைக் கிளப்பி நுரையீரலுக்குள் அனுப்பும். மிச்ச மண்ணைத் தொட்டியில் போடுமுன் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால், சுட்ட பிறகு அது ஈரம் இழுத்து ஊதி, பாத்திரத்தின் மேல்பரப்பைப் பெயர்த்துவிடும்.

*

பேக்கிங்: பெட்டிக்குள் பெட்டி, இடையில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. திணிப்பு. மூடியைத் தனியாகச் சுத்துங்க, கைப்பிடியைச் சுத்தி இருக்கும் வெற்றிடத்தில் காகிதம் அடைங்க. ஒட்டினதும் பெட்டியை ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தா பிரிச்சு மறுபடி கட்டணும். சுடாத பச்சைப் பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போக நினைக்காதீங்க. அதை உடைச்சு ஊற வச்சு மண்ணாக்கிடுங்க.