மறு: 'பயங்கரவாதம்' – செயலுக்குத் தனிச்சொல் வேண்டாமா?

> "Act of terrorism" என்பதைத் தமிழில் "பயங்கரவாதச் செயல்" என்றே விட்டுவிடலாமே. எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான் ஐயா. என்ன விளங்கும் என்பதில்தான் கரைச்சல். போன கிழமை மட்டக்களப்பில் ஒரு சட்ட விளக்கக் கூட்டத்துக்குக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டு போனேன். அதில் 'பயங்கரவாதச் செயல்' என்ற தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் இருந்த மாட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில ரோட்டோரம் குந்தியிருந்தமே மனே, அதுவும் இதுக்குள்ள வருமா?"

குறை அவரிடம் இல்லை. தேசியவாதம், இனவாதம் என்று 'வாதம்' வந்தாலே நமக்கு அது கொள்கை. (மூட்டில் வருவது வேறு. அதற்காவது எண்ணெய் இருக்கிறது.) செய்ததைப் பார்க்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் நினைப்பைப் பார்க்கிறது.

நம் சட்டமும் உதவவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றங்களை அடுக்குகிறதே தவிர, பயங்கரவாதம் எது என்று வரையறுக்கவில்லை. கொலையும் ஆட்கடத்தலும் இருக்கும் அதே பட்டியலில், வீதிப் பலகையின் எழுத்தை அழிப்பதும் குற்றம். அப்படியானால் பயங்கரவாதி ஆக ஒரு தார் வாளியும் தூரிகையும் போதும். 1982இல் நிரந்தரமாக்கிய பிறகும் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' ஒட்டிக்கொண்டே இருந்தது என்பது தனிக்கதை.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1566ஆம் தீர்மானம் (2004) கொஞ்சம் தெளிவு. கொல்லவோ படுகாயப்படுத்தவோ எண்ணிச் செய்த குற்றம் அல்லது பணயக்கைதி பிடித்தல். அதோடு மக்களைக் கிலிகொள்ள வைக்கும் அல்லது அரசை ஒன்றுக்கு நிர்ப்பந்திக்கும் நோக்கம். இரண்டும் சேர வேண்டும். நோக்கத்தை மட்டும் பிடித்தால் எந்தக் கவனயீர்ப்புப் போராட்டமும் தப்பாது. 2021இல் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்தவர்களும் அரசை ஒன்றைச் செய்யவைக்கத்தானே நடந்தார்கள்?

ஆகவே என் முன்மொழிவு: அச்சமூட்டு வன்முறை. வினைத்தொகை. 'வன்முறை' முதன்மைச் சொல்லாக நிற்பதால் வன்முறை இல்லாத இடத்தில் சொல்லே பொருந்தாது.

> ஹர்த்தாலில் டயர் எரித்தாலும் வன்முறை என்பார்களே? கப்பம் கேட்பவனும் அச்சமூட்டுகிறானே?

இரண்டும் சரியான கேள்வி. டயருக்கும் கப்பத்துக்கும் தண்டனைச் சட்டக்கோவை போதும். எல்லாவற்றையும் ஒரு சொல்லில் ஏற்ற முடியாது. கையேட்டில் வரைவிலக்கணத்தின் முதல் வரியிலேயே 'கொல்லுதல், படுகாயப்படுத்துதல், பணயம் பிடித்தல்' என்று போடுகிறேன். சட்டத்தின் பெயரில் உள்ள 'பயங்கரவாத'த்தில் கை வைக்கமாட்டேன், அது வழக்கேட்டில் ஏறிவிட்ட பெயர்.

மிச்சம் ஒன்று. பயங்கரவாதத்துக்கு எதிரான நியூசிலாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: எதிர்ப்பு, வேலைநிறுத்தம் போன்றவற்றில் ஈடுபட்டார் என்பது மட்டும் அவருக்குப் பயங்கரவாத நோக்கம் இருந்ததாக ஊகிக்கப் போதாது. அந்த வரிசையில் அரசோடு உடன்படாமல் அதை வெளியே சொல்லுவதற்கும் ஒரு சொல் வருகிறது: dissent. 'மாற்றுக்கருத்து' என்றால் வாய் திறக்காமல் வீட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். 'அதிருப்தி' வெறும் மனக்குறை. 'மறுப்புக்குரல்' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே முழுத்திருப்தி இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது நல்லது சொல்லுங்கள்.