சின்சே (சீன வைத்தியர்) கையைப் பிடித்ததும் அழுதவர்கள் இருக்கிறீர்களா?

செங்காங் மகள்:
அப்பா போய் ஏழு மாதம். எனக்கு இருமல் மட்டும் நிற்கவே இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆன்டிபயாட்டிக் இரண்டு தடவை முடித்தாயிற்று. ஆபீஸ் தோழி தன் சின்சேயிடம் கூட்டிப் போனாள். நாக்கைப் பார்த்தார், பிறகு வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். அவர்கள் கணக்கில் ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உறுப்பு, அந்தக் கையில் ஆள்காட்டி விரலுக்கு நுரையீரல். மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "வீட்டில் யார் தவறியது?"

அப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மண்டாய் தகனக் கூடத்தில்கூட அழாமல் எல்லாக் காரியத்தையும் பார்த்தவள், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பினேன். அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார், கையை விடவில்லை. துக்கம் நுரையீரலில் தங்கி 'சீ' என்ற உயிர்ச்சக்தியைக் கரைத்துவிடும் என்றார். இருமல் மெல்லக் குறைந்தது, கஷாயத்தாலா அழுததாலா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

பழைய நர்ஸ்:
தங்கச்சி, நாடியில் அப்பா தெரியமாட்டார். பார்ப்பது, கேட்பது (முகர்வதும் இதில் சேர்த்தி), விசாரிப்பது, தொடுவது என்று அவர்களுக்கு நான்கு வழி. நீங்கள் உட்காருவதற்குள் முதல் இரண்டும் முடிந்திருக்கும். வெளுத்த முகம், அழுகை கலந்த குரல், இரண்டுமே அவர்கள் கணக்கில் நுரையீரலின் அடையாளம். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது வருஷம் வார்டில் இருந்தேன், ஒரு நோயாளியின் முகத்தை அப்படிப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

பட்டர்வொர்த் மருமகள்:
நர்ஸ் அக்கா, எல்லாவற்றையும் கண்ணும் காதும் என்று முடித்துவிட முடியுமா? எனக்கு ஹைவேயில் விபத்து. அடி இல்லை, ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடும். சின்சே சொன்னது, இதயத்தில் குடியிருக்கும் 'ஷென்', அதாவது மனம், அதிர்ச்சியில் வெளியே போய், திரும்ப இடம் இல்லாமல் நிற்கிறது என்று. சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு ரேகையில் ஊசி போட்டார். அந்த இடத்துக்குப் பெயரே 'ஷென்மென்', ஷென்னின் வாசல்.

மாமியார் ஹொக்கியன் சீனர். அவர் அதற்கு முன்பே 'சியூ கியா' செய்துவிட்டார். அரிசிக் கிண்ணத்தை என் சட்டையில் சுற்றி, தலைக்கு மேல் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு பயத்தை எடுப்பது. நம் பாட்டிமார் வேப்பிலை அடிப்பார்களே, அது மாதிரி. பதினோரு வருஷமாக என்னை 'ஆ மொய்' என்றே கூப்பிட்டவர். அன்றைக்குத்தான் என் தமிழ்ப் பெயரை முழுசாகச் சொன்னார், திரும்பத் திரும்ப, வீட்டுக்கு வா வீட்டுக்கு வா என்று. ஊசியைவிட அதுதான் எனக்குள் நிற்கிறது.

பழைய நர்ஸ்:
மருமகளே, அது சடங்கு, வைத்தியம் வேறு. எண்ணூறு வருஷத்துக்கு முன்பே ஜாங் ட்ஸிஹெ என்ற சீன மருத்துவர் சடங்கு எதுவும் இல்லாமல் இப்படிப்பட்ட பயத்தைக் குணப்படுத்தினார். ஒரு பெண் தங்கியிருந்த சத்திரத்தில் கொள்ளையர் புகுந்து தீ வைத்தார்கள். அதிலிருந்து சின்னச் சத்தம் கேட்டாலும் மயங்கி விழுவாள், வீட்டார் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். மற்றவர்கள் ஜின்செங் கொடுத்துப் பார்த்தார்கள். இவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஒரு சின்ன மேஜையைப் போட்டு, கட்டையால் ஓங்கித் தட்டினார். துள்ளினாள். "மேஜையைத்தான் தட்டுகிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது?" மறுபடி தட்டினார், அப்புறம் கதவைத் தட்டினார், பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலை ஆளை விட்டுக் கீறச் சொன்னார். இரவிலும் ஆளை விட்டுத் தட்டச் சொன்னார். கடைசியில் இடி இடித்தும் அவள் அசையவில்லை. அதிர்ந்ததைப் பழக்கமாக்கு, இதுதான் அவர் வைத்தியம். இன்றைய மனநல மருத்துவர்களும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்கிறார்கள்.

கேட்காமலே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஷென்னை அமர்த்தும் பழைய மாத்திரைகள் சிலவற்றில் 'ஜூஷா' உண்டு. அது நம் சாதிலிங்கம், பாதரசம் கலந்தது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் சின்சேயிடம் மறைக்காதீர்கள். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கெட்ட கனவு மாதக்கணக்கில் நீண்டால் மனநல மருத்துவரிடமும் போங்கள்.

செங்காங் மகள்:
அக்கா, நான் உள்ளே போய்ப் பேசியதே "இருமல், ஏழு மாசம்" என்பது மட்டும்தான். அதையும் தோழிதான் மாண்டரினில் சொன்னாள். நீ ஏதாவது சொன்னாயா என்று நேற்று அவளிடம் கேட்டேன், இல்லை என்கிறாள். இப்போது அம்மாவுக்கும் ராத்திரியில் இருமல் தொடங்கியிருக்கிறது. அவரும் இதுவரை அழவில்லை. சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். சின்சேயிடம் முன்கூட்டி எதுவும் சொல்லப் போவதில்லை.