ஹைலேண்ட் மட்டக்குதிரைப் போட்டியில் நடுவர் எதைப் பார்த்து முதலிடம் கொடுக்கிறார்?

எலகங்கா அம்மா எழுதியது:

வணக்கம். எங்கள் மகள் பெங்களூரு எலகங்காவை அடுத்த ஒரு குதிரையேற்றப் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகப் பயின்று வருகிறாள். அங்குள்ளவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகள் என்பதால், குதிரை என்றாலே நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் பளபளக்கும் தோலும்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சென்ற கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கம் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓர் ஊர்ப்புறக் கண்காட்சியில் ஹைலேண்ட் மட்டக்குதிரைகளுக்கான போட்டியைப் பார்த்தோம். சவாரி கிடையாது, கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு.

ஆறு பெட்டைகள் வந்தன. அவற்றுள் ஒரு பழுப்புப் பெட்டை முழங்காலை உயர உயரத் தூக்கித் துள்ளி வந்ததைப் பார்த்து, வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நடுவரான வயதான அம்மையாரோ அதை நான்காவதாக நிறுத்திவிட்டு, எலி நிறத்தில், கட்டைக் கால்களோடு, முன்மயிர் கண்ணை மறைக்க, அப்போதுதான் மேய்ச்சலிலிருந்து பிடித்து வந்தது போல நின்ற ஒன்றுக்கு முதலிடம் கொடுத்தார். (அதுவும் எனக்கு உடனே விளங்கவில்லை. நீல ரிப்பன் வாங்கியதே முதல் என்று எண்ணி நான் எழுந்து கைதட்ட, இங்கே சிவப்புதான் முதல், நீலம் இரண்டாவது என்று தங்கை என் புடவைத் தலைப்பை இழுத்து உட்கார வைத்தாள்.) பிடரியைப் பின்னாமல் வந்தால் எங்கள் பள்ளியில் களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று மகள் அன்று முழுவதும் பொருமிக்கொண்டிருந்தாள்.

வரும் டிசம்பரில் பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியில் இதே போன்ற பிரிவு ஒன்றை வைக்கப் போகிறார்கள். நடுவரின் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் வேலை மகளுக்கு. அதனால்தான் கேட்கிறேன். அந்த அம்மையார் எதைப் பார்த்திருப்பார்? இதற்கு விதி என்று ஏதேனும் உண்டா, அல்லது நடுவரின் விருப்பம்தானா?

அல்சூர் லாயக்காரர் எழுதியது:

அம்மா, நான் ராணுவத்தின் குதிரைப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது அல்சூரில் ஓய்வில் இருப்பவன். இந்தக் குதிரை அழகாக இருக்கிறதா என்று கேட்பது ஒன்று. தன் இனம் எந்த வேலைக்காக உருவானதோ அந்த வேலைக்கு இது ஏற்றதா என்று கேட்பது வேறு. இனப் போட்டியில் நடுவர் கேட்பது இரண்டாவது கேள்வியை.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலும் மேற்குத் தீவுகளிலும் உழவுக்கும் பொதி சுமக்கவும் வளர்ந்த இனம் அது. இன்றைக்கும் சில பண்ணைகளில், வேட்டையாடிய செம்மானை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவது இந்த மட்டக்குதிரைதான். ஆள் ஏறியிருந்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தகுந்தபடி அவனே முன்னும் பின்னும் சாய்ந்து குதிரைக்கு உதவுவான். செத்த மான் அப்படி உதவாது. ஒரு வளர்ந்த ஆளின் எடைக்குக் குறையாத பிணச்சுமை முதுகில் கிடக்க, சேறும் கல்லும் கலந்த சரிவில் இறங்க வேண்டுமென்றால், ஆழமான மார்பும், முழங்காலுக்குக் கீழே குட்டையான, தட்டையான, கெட்டியான எலும்பும், திரண்ட பின்தொடையும், கறுத்து இறுகிய குளம்பும் தேவை. முழங்காலை வானுக்குத் தூக்கும் குதிரை தன் வலிமையை மேலே செலவழிக்கிறதே தவிர முன்னே செலுத்துவதில்லை. நடை நேராகவும் தாராளமாகவும் இருக்க வேண்டும், முழங்காலை மிகையாகத் தூக்கக் கூடாது என்பது அந்த இனத்தின் இலக்கணத்திலேயே உள்ளது. வேலியோரத்தில் நீங்கள் எதற்குக் கைதட்டினீர்களோ, அதற்காகவே அந்தப் பெட்டை பின்னுக்குப் போயிருக்கும்.

லடாக்கில் ஜன்ஸ்காரி மட்டக்குதிரைகளோடு சில குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். சுமையோடு சரிவில் இறங்கும்போது அது காலைத் தரையிலிருந்து நான்கு விரலுக்கு மேல் தூக்காது. வைக்கும் முன் ஒரு நொடி நிறுத்தும். வைத்த காலைப் பிறகு மாற்றாது. பார்வைக்கு அதில் ஒன்றுமே இருக்காது.

வைட்ஃபீல்டுவாசி எழுதியது:

நான் இன்வர்னஸில் எட்டு ஆண்டுகள் கணினித் துறையில் வேலை பார்த்தபோது, கோடைக்காலச் சனிக்கிழமைகளில் போட்டிக் களத்தில் நடுவருக்கு உதவியாக நின்றதுண்டு. முதலில் எல்லாக் குதிரைகளும் நடுவரை வலமாகச் சுற்றி நடக்கும். பிடிப்பவர் குதிரையின் இடப்பக்கம் நடப்பதால் நடுவருக்குக் குதிரை மறைவதில்லை. பிறகு அவர் தம் முதல் கணிப்பின்படி எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக முன்னே அழைத்து, சுற்றி வந்து பார்த்து, காலைத் தடவிப் பார்ப்பார். அதன் பின் குதிரை அவரை விட்டு நேராக விலகி நடந்து, துள்ளுநடையில் அவரை நோக்கித் திரும்பி வர வேண்டும். பார்வையாளர்கள் தேநீர் வாங்கப் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். வரிசை தலைகீழாக மாறுவதும் இந்த நேரத்தில்தான்.

விதி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். 1923-ல் தொடங்கப்பட்ட ஹைலேண்ட் மட்டக்குதிரைச் சங்கம் இனத்தின் இலக்கணத்தை எழுதி வைத்திருக்கிறது. உயரம் 148 செ.மீ.க்கு மிகக் கூடாது. பிடரியும் வாலும் கத்தரிக்கப்படாமல் இயல்பாக வழிய வேண்டும். குளம்புக்கு மேலுள்ள மயிர் பட்டுப் போல இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகள் கண்டது அலட்சியமல்ல. மேய்ச்சலிலிருந்து பிடித்து வந்தது போலத் தோன்ற வைப்பதற்கு முந்தின நாள் மாலை எத்தனை வாளித் தண்ணீரும் ஷாம்புவும் செலவாகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எலி நிறம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அங்கும் அதற்கு அதே பெயர்தான். அந்த நிறக் குதிரையின் முதுகெலும்பின் மேல் பிடரியிலிருந்து வால் வரை ஒரு கருங்கோடு ஓடும், அதை விலாங்கு மீனின் பெயரால் அழைப்பார்கள். கால்களில் வரிக்குதிரையைப் போன்ற வரிகளும் தென்படலாம். (நம் குஜராத்தின் கத்தியவாரிக் குதிரைகளிலும் இவற்றைக் காணலாம்.) பழுப்பும் ஏற்கப்பட்ட நிறமே, திட்டுத் திட்டான இருநிறம்தான் கூடாது. ஆனால் அந்தப் பழுப்புப் பெட்டையின் காலில் வெள்ளை இருந்ததா என்று பாருங்கள். நெற்றியில் சிறு நட்சத்திரம் தவிர வேறு வெள்ளையை அங்கே விரும்புவதில்லை. பொலிகுதிரையாக இருந்தால் இனப்பெருக்க உரிமமே கிடைக்காது.

இவ்வளவு விதி இருந்தும், எந்தக் குறையை எவ்வளவு மன்னிப்பது என்பது நடுவரின் கையில்தான் இருக்கிறது. ஒரே ஜோடிக் குதிரைகளை இரண்டு வாரங்களில் இரண்டு நடுவர்கள் மாற்றி நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் விதியை மீறவில்லை.

அந்தியூரான் எழுதியது:

எலும்பைப் பற்றி அல்சூர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வெள்ளைக் காலைப் பற்றி வைட்ஃபீல்டுவாசி சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில், பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே சுழியைத் தேடுபவர்கள் உண்டு. இன்ன இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நல்ல குதிரையை விட்டுப் போவார்கள். அதைக் கேட்டு பெங்களூரு நண்பர்கள் சிரிக்கிறார்கள். வெள்ளைக் காலுள்ள குதிரை மானைச் சுமக்காதா? சங்கம் எழுதி வைத்தால் இலக்கணம், நம் தாத்தா சொன்னால் மூடநம்பிக்கையா?

வைட்ஃபீல்டுவாசி எழுதியது:

நியாயமான கேள்வி. வெள்ளைக் கால் சுமையைத் தூக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலையோடு தொடர்பில்லாத அடையாளமும் இனத்தின் பகுதிதான். செவலை நிறத்திலேயே நின்றுவிட்ட காங்கேயம் காளை வண்டி இழுக்கும் என்றாலும், அதை வளர்ப்பவர்கள் பொலிகாளையாக வைத்துக்கொள்வார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெப்பால் கால்நடை மருத்துவர் எழுதியது:

எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விலாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மலையினங்கள் சத்துக் குறைந்த மேய்ச்சலில் பிழைக்கப் பழகியவை. அவற்றைச் செழித்த புல்வெளியில் விட்டால், கழுத்தின் மேல்விளிம்பிலும் விலாவிலும் வாலடியிலும் கொழுப்பு படிந்து, கடைசியில் குளம்புக்குள்ளே உள்ள திசு அழலும் லாமினைட்டிஸ் நோயில் கொண்டுபோய் விடும். பிரிட்டனில் கொழுத்த மட்டக்குதிரைகளுக்கு நடுவர்கள் பரிசு கொடுக்கிறார்கள் என்ற சண்டை நெடுநாளாக நடக்கிறது. காரணம் எளிது: கொழுப்பு பள்ளங்களை நிரப்பி, அகன்ற விலாவும் திரண்ட தொடையும் இருப்பது போலக் காட்டிவிடும்.

உங்கள் மகளுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். உள்ளங்கையை விலாவில் படர வைத்து லேசாக அழுத்தினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். துழாவித் தேட வேண்டியிருந்தால் குதிரை கொழுத்திருக்கிறது. தரோபிரெட்டின் தோல் மெல்லியது, உடலமைப்பும் வேறு என்பதால், அங்கே கடைசி ஓரிரு விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிந்தாலும் குறை சொல்ல வேண்டாம். ஓர் இனத்தின் அளவுகோலை இன்னோர் இனத்தின் மேல் வைக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எலகங்கா அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவற்றைப் படித்த பின், தங்கை கைப்பேசியில் எடுத்த காணொளியை வரவழைத்து, நேற்று இரவு மகளும் நானும் வேகத்தைக் குறைத்து நான்கைந்து முறை பார்த்தோம். பழுப்புப் பெட்டையின் இடது பின்காலில் குளம்புக்கு மேல் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை இருக்கிறது. அன்று எங்கள் கண்ணில் படவில்லை. அதைவிட, நடுவரை விட்டு விலகி நடக்கும்போது அதன் பின்கால்கள் ஒன்றையொன்று உரசுமளவுக்கு உள்ளே வளைந்து விழுகின்றன. எலி நிறப் பெட்டையின் பின்குளம்போ, முன்குளம்பு ஈரப் புல்லில் பதித்த தடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னே விழுகிறது. இதை முதலில் கவனித்தவள் மகள்தான்.

டிசம்பர் நிகழ்ச்சிக்கு அவள் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் நான்கு கால்களை வரைந்து வைத்திருக்கிறாள். பிடரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டேன். தரோபிரெட் என்றால் பின்னித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டாள்.