மணவாளக்குறிச்சி மணலும் மைனியின் மலையாள வேதாகமமும்

களியக்காவிளைக்கு அருகிலுள்ள எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். வேதாகமத்தில் ஆறு நாள் சிருஷ்டியைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் தொடங்கிய ஞாயிறன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்கு 55 கோடி வயது என்று பள்ளியில் சொன்னார்கள், டீச்சர். பூமிக்கு ஆறாயிரம் வருஷம் என்கிறீர்களே?" என்று கேட்டான். அதை இங்கே பேசக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டேன். அதன்பின் இரண்டு மாதங்கள் அவன் எதையுமே கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தெரிந்த வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அது மிக மெதுவாகச் சிதைந்து ஈயமாகிறது. அதில் பாதி சிதைவதற்கே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் அந்தப் படிகம் உருவான காலம் தெரியும் என்று பொறுமையாக விளக்கினார். 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமிக்கு ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கண்டதும் இதைப் போன்ற வழியில்தான். நான் சொன்ன ஆறாயிரமோ எந்த வசனத்திலும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிச் சிருஷ்டி கி.மு. 4004-இல் நடந்தது என்று 1650-இல் வெளியிட்ட கணக்கு அது.

ஆயினும் என் மனத்தைத் திறந்தது எங்கள் வீட்டு ஜெபம். கேரளத்தின் பாறசாலையிலிருந்து வாழ வந்த மைனி (அண்ணி) மலையாளத்திலும் நான் தமிழிலும் மாறி மாறி வாசிப்போம். முதல் அதிகாரத்தில் "ஒன்னாம் திவசம்" என்று வாசித்தவர், 2:4-க்கு வந்ததும் பூமியையும் வானத்தையும் படைத்த "நாளில்" என்றார். ஒரே எபிரெயச் சொல்லான 'யோம்' அங்கே இரண்டு சொற்களாகியிருக்கிறது. ஆறு நாள் வேலை முழுவதையும் ஒரே 'நாள்' என்று அந்த வசனம் அழைப்பதை, தமிழில் எத்தனையோ முறை வாசித்தும் நான் கவனித்ததில்லை. சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது என்பதால், முதல் மூன்று நாட்கள் எத்தகையவை என்று சபைப் பிதாவான அகஸ்தீனும் 5-ஆம் நூற்றாண்டிலேயே யோசித்திருக்கிறார். சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்பட்டிருப்பதால் 24 மணி நேரம்தான் என்று உறுதியாக நம்பும் மூப்பர்கள் எங்கள் சபையில் உண்டு. அவர்கள் வசனத்தை மதிப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இப்போது அந்த வாசிப்பு ஒன்றே வழி என்று தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பின் முன்னால் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டு, இவ்வளவையும் சொன்னேன். அவன் நெடுநேரம் பக்கத்தையே பார்த்திருந்துவிட்டு, "ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலமும் விடியற்காலமும் ஆயிற்று என்று எழுதவில்லையே, டீச்சர்?" என்றான். எல்லோரும் இரண்டாம் அதிகாரத்தை மறுபடி திறந்தோம்.